பாறைக்கு அடித்த நீலம்

கல்லைப் பார்ப்பதற்காகவே வேன் பிடித்து வரும் மனிதர்கள் உண்டு என்பது எனக்கு நாற்பத்தேழு வயதில்தான் தெரிந்தது. தெரிந்தபோது நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸை அப்படியே விட்டுவிட்டு நின்றேன்.

நான் சமையல் வேலை பார்க்கும் வீடு கேளம்பாக்கத்தில், ஓர் அடுக்குமாடியில் ஆறாவது மாடி. அங்கே தனியாக இருப்பவர் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினைந்து இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு மாமல்லபுரம் போவார். சிற்பம் பார்க்க அல்ல. சிற்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உளி படாமல் விட்டுப்போன பாறையைப் பார்ப்பார்கள். மற்ற டூரிஸ்டுகள் இவர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போவார்களாம். அன்றைக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது என் வேலை.

"இதுக்குன்னே ஆளுங்க வராங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். எனக்கு அது பெரிய பேச்சு. பத்தாவது வரை படித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் என் குரலைக் கேட்ட வாத்தியார்கள் ரெண்டு பேர் இருந்தால் அதிகம்.

"இன்னிக்கு நேத்தா வராங்க?" என்று டீச்சரம்மா சமையல் மேடையில் சாய்ந்துகொண்டார். வெளிநாடுகளில் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்த வழக்கமாம். பணக்காரர்கள் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு குகைக்குள் போய்ப் பார்த்தார்களாம். நெருப்பு கக்கும் மலைக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆள் தூக்கப் போனார்களாம். குகை பக்கத்து ஊர்க்காரர்கள் வழி காட்டிப் பிழைத்தார்கள். வந்தவர்கள் ஞாபகத்துக்காகக் கூரையில் தொங்கிய கல்லையெல்லாம் உடைத்து எடுத்துப்போனார்கள், ஊர்க்காரர்களும் உடைத்து விற்றார்கள். பிறகு ரயில் வந்ததும் படிக்கிற பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். "இதுக்கு ஒரு பேரு வச்சு, உடைக்காம பாக்கணும்னு சட்டம் பேசினதெல்லாம் இப்போ சமீபத்துலதான்" என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்லுக்காக வருகிறவர்கள் ஒரே வகைதான். லாரியில் வருவார்கள்.

எங்கள் காலனி திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில், ஏரியை ஒட்டி இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குன்று இருந்தது. இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம் இருக்கிறது. ஜல்லி உடைக்கும் கிரஷர்காரர்கள் வெடி வைத்த வருஷங்களில் எங்கள் சுவர்களெல்லாம் விரிசல் விட்டன. ஒருநாள் தேங்காய் அளவுக்கு ஒரு கல் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு வந்து கிரைண்டர் மேல் விழுந்தது. பத்து நிமிஷம் முன்னால்தான் மாவை வழித்தெடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தேன். அந்தக் குன்று தீர்ந்ததும், காலனியை ஒட்டியிருக்கும் எங்கள் பாறைமேல் யாரோ வந்து சிவப்பு பெயிண்டால் அடையாளம் போட்டுவிட்டுப் போனார்கள். அது என்ன அடையாளம் என்று எங்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இதை நான் டீச்சரம்மாவிடம் சொன்னேன். அதுவும் நேராக இல்லை. பாறையில் கருப்பும் வெள்ளையுமாக வரிகள் இருக்கும், புடவைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து ஓடும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளே அவர் என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

அவர் நேராகப் பாறை முன்னால் போய் நின்றார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வரிகள்மேல் ஊற்றினார். கருப்பு இன்னும் கருப்பாகி, வெள்ளை இன்னும் வெள்ளையாகி எழுந்து வந்தது. "இதுக்கு என்ன வயசு தெரியுமா?" என்றார். எனக்கு ஆயிரம், ரெண்டாயிரம் என்று தோன்றியது. "கிட்டத்தட்ட இருநூத்தம்பது கோடி வருஷம்."

நான் கூச்சத்தில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இதே காலனியில் வளர்ந்து இங்கேயே வாழ்க்கைப்பட்ட நான் சின்ன வயதிலிருந்து அதன்மேல் வறட்டி தட்டியிருக்கிறேன், வற்றல் காயவைத்திருக்கிறேன், சாய்ந்து உட்கார்ந்து பேன் பார்த்திருக்கிறேன்.

பாறையில் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்ததைக் காட்டி, "இது அழுக்கு இல்ல. நீ பிரியாணிக்குப் போடுற கல்பாசிக்கு இது சொந்தம். இத சுரண்டக்கூடாது. தேய்க்கக்கூடாது. தண்ணியத் தவிர இந்தப் பாறைமேல எதுவும் படக்கூடாது, புரியுதா?" என்றார். தலையாட்டினேன்.

மாவட்டத்தில் இப்படிப்பட்ட பாறைகளைப் பட்டியல் எடுக்கிறார்களாம். பட்டியலில் ஏறிவிட்டால் வெடி வைக்க அனுமதி வாங்குவது கஷ்டம். அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை தன் கூட்டத்தோடு ஓர் அதிகாரியையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காலனியில் அது தீயாகப் பரவியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம் தண்ணீர் டேங்க் அடியில் கூட்டம் போட்டார்கள். வார்டு மெம்பர் ஒரு பெண். ஆனால் பேசுவது எப்போதும் அவர் வீட்டுக்காரர்தான்.

"பெரிய பெரிய ஆளுங்க வராங்க. ஆபீசரு வராரு. நம்ம பாறைய பாத்தீங்களா? அயுக்கு புடிச்சி, பாசி புடிச்சி, மூஞ்சி கயுவாத புள்ள மாதிரி கீது. பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"அப்ப சோப்பு போட்டு குளிப்பாட்டிடலாமா அண்ணாத்த?" என்றான் என் கொழுந்தனார் மகன். எல்லாரும் சிரித்தார்கள்.

"நக்கலா? நீதான்டா செய்யப்போற. கம்பெனில பெயிண்ட் ஷாப்புல தானே கீற?"

அவன் மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கார் கதவுகளுக்கு ஸ்ப்ரே அடிப்பது அவன் வேலை. ஒரு சொட்டு ஒழுகினாலும் கதவைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அவன் அடித்த கதவு ஒன்றுகூடத் திரும்பியதில்லை என்று அவனுக்கு ஒரு பெருமை.

மெம்பர் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "யம்மா, உன் டீச்சரம்மா எதுனா சொல்லிச்சா? பாறைய இன்னா பண்ணணும், ஏது பண்ணணும்னு?"

நாற்பது ஐம்பது முகங்கள் திரும்பின. தண்ணீரைத் தவிர எதுவும் படக்கூடாது என்ற வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. என்னவோ நான் படித்தவள் மாதிரி இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வதா என்று ஒரு வெட்கம். "இல்ல" என்றேன்.

"வாயில கொழுக்கட்டைய வச்சிகினே பொறந்துது இது" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கழுவித்தானே விடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை முழுக்க டீச்சரம்மா வீட்டில் இருபது பேருக்குச் சமையல் ஏற்பாடு. அங்கேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தை முடித்துக்கொண்டு வேன் எங்கள் ஊருக்கு வந்தது. நான் கடைசி சீட்டில், சாம்பார் சாத அண்டாவைக் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலனி முனையில் வேன் திரும்பியபோது முன் சீட்டிலிருந்து டீச்சரம்மா "ஐயோ" என்றார். சத்தமாக இல்லை. கையில் எண்ணெய் தெறித்தால் சொல்வோமே, அப்படி.

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

பாறை நீலமாக இருந்தது. வான நீலம். புதுக் கார் மாதிரிப் பளபளத்தது. எங்கள் வேன் அதில் நெளிநெளியாகத் தெரிந்தது. ஓரமெல்லாம் வீட்டு கிரில்லுக்கு அடிக்கிற வெள்ளி பெயிண்ட் கரை. நடுவில் சிவப்பில் 'நல்வரவு'. மேலே சாமந்தி மாலை. சர்ச்சுக்குப் போகிறவர்கள்கூட முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு ஓடி வந்து, காலனி மொத்தமும் நல்ல துணி உடுத்தி இரண்டு பக்கமும் நின்றது. யாரோ பட்டாசு கொளுத்தினார்கள்.

அண்டாவை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. வேன் டிரைவர்தான் வந்து, "இறங்குக்கா, ரோட்ட மறிச்சிகினு நிக்குது வண்டி" என்று சொல்லி இறக்கிவிட்டார்.

கொழுந்தனார் மகன் ஓடி வந்தான். கண் இமையெல்லாம் நீலப் பொடி. "பெரிம்மா! எப்டி கீது? மொதல்ல ஆசிட் வாஷ். அப்றம் ப்ரைமர். அதும்மேல ரெண்டு கோட்டு, கடசில பளபளப்புக்கு லாக்கரு. கம்பெனில இன்னா மெதடோ அதே மெதடு. ஒரு சொட்டு ஒயுகல் காட்டு பாக்கலாம்!"

உண்மையில் ஓர் ஒழுகல் இல்லை. அந்தக் கரடுமுரடான பாறையில் அப்படி அடிக்க அவன் எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறான், கம்ப்ரசரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

டீச்சரம்மா பாறைக்கு அருகில் போனார். உள்ளங்கையை வைத்தார். கை வழுக்கியது. திரும்பி, யாரையும் பார்க்காமல், "கல்லு எங்க?" என்று கேட்டார்.

கூட்டம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது. அதிகாரி கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். "மேடம், நீங்க எழுதிக் கொடுத்ததுல ஒண்ணும் இங்க தெரியலையே. வரின்னு இருக்கு, மடிப்புன்னு இருக்கு. நான் எத போட்டோ எடுக்கிறது? இத அனுப்பினா என்னைக் கேலி பண்ணுவாங்க."

"இன்னா சார், நல்லா இல்லியா?" என்றார் மெம்பர் வீட்டுக்காரர். "வேற கலரு வேணுமா?"

"ஆசிட் ஊத்தியிருக்கீங்க" என்றார் டீச்சரம்மா மெதுவாக. "உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

அப்போது அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் ஏமாற்றிவிட்டேன் என்பது மாதிரியான பார்வை. அந்த வீட்டில் எட்டு வருஷமாகச் சமைக்கிறேன், அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நான் பேசியது எனக்கே ஆச்சரியம். "எனக்குத் தெரியும்" என்றேன். குரல் கிறீச்சென்று வந்தது. "தொடக்கூடாதுன்னு எங்கிட்ட சொல்லி இருந்தாங்க. கூட்டத்துல கேட்டாங்க. நான் இல்லன்னுட்டேன். இவங்க மேல தப்பு இல்ல."

கொழுந்தனார் மகனின் முகம் விழுந்துவிட்டது. "அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா பெரிம்மா?" என்றான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதிகாரி தாள்களைப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். அந்தத் தாள் போனால் பாறை போகும், பாறை போனால் எங்கள் கூரைகள் போகும். "பின்னாடி பெயிண்ட் அடிக்கல" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தேன். வேறு வழியில்லாததால் எல்லாரும் வந்தார்கள்.

பாறையின் பின்பக்கத்துக்கு எங்கள் ஆட்கள் இப்போதெல்லாம் போவதில்லை. பெயிண்ட் அடித்தவர்களும் போகவில்லை. வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. துப்பட்டாக்களும் பேன்ட்டுகளும் கிழிய, இருபது பேரும் பக்கவாட்டில் ஊர்ந்து வந்தார்கள். ஏன் அங்கே யாரும் போவதில்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அங்கே பாறை முன்பக்கத்தைவிட அழகாக இருந்தது. ஆள் உயரத்துக்கு வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்து, வளைந்து, திரும்பவும் மடிந்திருந்தன. இத்தனை வருஷமும் விடியற்காலை இருட்டில்தான் வந்துபோன இடம். அதன் முகத்தை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு பெரியவர், சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பாறையோடு ஒட்டிக்கொண்டார். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு நாக்கை நீட்டினார்.

"சார்! நக்காதீங்க சார்!" என்று கத்தினேன். "அது நாங்க வெளிக்குப் போன எடம்!"

மெம்பர் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் நாக்கு பாதி வெளியே இருக்க என்னைத் திரும்பிப் பார்த்தார். ஈரமாக்கினால் கல்லுக்குள் இருக்கிற மணிகள் நன்றாகத் தெரியும், அதற்காகக் கல் படித்தவர்கள் நக்கிப் பார்ப்பார்கள் என்று பிற்பாடு டீச்சரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எப்போ வரைக்கும்?" என்று கேட்டார் பெரியவர்.

"வூட்டுக்கு வூடு கக்கூஸ் கட்டி நாலஞ்சு வர்ஷம் ஆச்சு சார். அதுக்கு முன்னாடி" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இருநூத்தம்பது கோடியில நாலஞ்சுதானே" என்று சொல்லிவிட்டு நக்கியே விட்டார்.

முதலில் சிரித்தது என் கொழுந்தனார் மகன்தான். அப்புறம் முள்ளுக்குள் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மெம்பர் வீட்டுக்காரர் மட்டும் என் காதருகே வந்து, "வர்ஷக்கணக்கா வாயே தொறக்க மாட்ட. தொறந்தா இதாம்மா? காலனி மானத்தையே வாங்கிட்ட" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மடிப்புகளின் ஒரு முனையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அங்கே பாறை சதுரமாக உடைந்திருந்தது, ஒரு அம்மிக்கல் அளவுக்கு. அவர் அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்க நான் வந்திருக்கேன்" என்றார். "முன்பக்கம் பாத்தப்போ தெரியல. காலேஜ்ல படிக்கிறப்ப. செங்கல்பட்டுல ரயில்ல இறங்கி, மாட்டுவண்டியிலயும் நடந்தும் வந்தோம். உங்க காலனி அப்போ இல்ல. ஆளுக்கு ஒரு சுத்தியல். சாம்பிள் எடுத்துட்டு வரலைன்னா மார்க் கிடையாது. இதுலயே அழகான மடிப்பு இங்கதான் இருந்தது. நாலு பேர் மாத்தி மாத்தி அடிச்சு எடுத்தோம். நானும் அடிச்சேன்."

"அது எங்கம்மா இப்போ?" என்றேன்.

"தெரியல. கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. கட்டடம் மாத்தினப்போ எங்க போச்சோ."

நான் திகைத்துப்போனேன். வேனை விட்டு இறங்கியதிலிருந்து குற்றம் செய்தவள் மாதிரி கூனிக் குறுகி நின்றவள் நான். குகைக் கல்லை உடைத்து எடுத்துப்போனவர்கள் என்று அவர் சொன்னபோது அது யாரோ அயல் தேசத்து ஆட்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அது இவரும்தான் என்று நினைக்கவில்லை. பெயிண்ட் என்றைக்காவது உரியும். இந்தப் பள்ளம் எப்படி மூடும்?

"அப்போ எதுக்கும்மா என்னை அப்பிடிப் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் முள் குத்தியிருந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாத்திருக்கக்கூடாது" என்றார்.

பிறகு எழுந்து அதிகாரியிடம் போனார். அந்தத் தாளில் சேதம் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன சேதம், யாரால் என்று எழுத வேண்டும். அதிகாரி 'பெயிண்ட், ஊர்மக்கள்' என்று எழுதத் தொடங்கியிருந்தார். டீச்சரம்மா அவர் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"அதுக்கு மேல எழுதுங்க. சுத்தியல், கல்லூரி மாணவர்கள். என் பேரையும் போடுங்க. முதல்ல வந்தது நாங்கதான்."

"மேடம், அதெல்லாம் தேவையா?"

"எழுதுங்க."

எழுதினார். பின்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். எங்கள் தரப்பில் ஓர் ஆள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மெம்பர் வீட்டுக்காரர் சட்டைப் பையில் பேனா தேடினார். டீச்சரம்மா தாளை என்னிடம் நீட்டினார். ரேஷன் கடையைத் தவிர வேறு இடத்தில் நான் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

மழைக்காலம் முடிந்து கடிதம் வந்தது. பாறை பட்டியலில் ஏறியிருந்தது, பின்பக்கத்துக்காக. சிவப்பு அடையாளம் போட்டுப்போன கிரஷர்காரர்கள் அதன்பிறகு வரவில்லை. கொழுந்தனார் மகன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே முள் வெட்டிப் பின்னால் போகப் பாதை போட்டான். நீலத்தை எப்படி எடுப்பது என்று டீச்சரம்மாவிடம் கேட்டான். எடுக்கப் போனால் இன்னும் கெடும், விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். பளபளப்பு போய்விட்டது, நீலம் இன்னும் இருக்கிறது. வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முன்னால்தான் முதலில் செல்ஃபி எடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் எங்கள் காலனிக்கு வருகிறது. சாப்பாட்டோடு எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார் டீச்சரம்மா. வேன் கதவருகே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இறங்குகிறவர்கள் சுத்தியல், உளி எது வைத்திருந்தாலும் அதில் போட்டுவிட்டுத்தான் பாறைப் பக்கம் போகலாம். "நீங்களே வாங்குங்கம்மா" என்று நான் சொன்னதற்கு, "நான் கேட்டா எங்கிட்ட வாதாடுவாங்க. நீ கேளு" என்றார்.

போன மாதம் ஒரு பெண் வந்தார். ஏதோ பெரிய கல்லூரியில் இப்போது பாடம் நடத்துகிறவர் என்றார்கள். தோள்பையில் பளபளவென்று ஒரு சுத்தியல். "இது சும்மா போட்டோவுல அளவு காட்ட வச்சிருக்கேன். நான் அடிக்கமாட்டேன்" என்றார் இங்கிலீஷ் கலந்து.

பார்வையை அவர் செருப்பில் வைத்துக்கொண்டேன். பக்கெட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

"போடுங்க மேடம்" என்றேன்.